மதுக்கடைத் தகராறும் போப்பின் ஆணையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1229-ஆம் ஆண்டு பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நின்றுபோனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஆரம்பம் என்னவோ ஒரு மதுக்கடைக் கணக்கில்தான்.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு வரும் கொண்டாட்ட நாட்கள் அவை. மாணவர்கள் சிலர் நகர மதிலுக்கு வெளியே, புனித மார்செல் ஆலயத்தை ஒட்டிய புறநகர்ப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு கடையில் நல்ல இனிப்பான ஒயின் கிடைத்தது. குடித்து முடித்ததும் விலையில் தகராறு. முதலில் வாய்ப்பேச்சு, அப்புறம் கன்னத்தில் அறை, பிறகு தலைமுடியைப் பிடித்து இழுப்பது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கடைக்காரர் பக்கம் சேர்ந்துகொள்ள, மாணவர்கள் நன்றாக உதைபட்டுத் திரும்பினார்கள். மறுநாள் கூட்டாளிகளைத் திரட்டிக்கொண்டு தடியும் வாளுமாக வந்து கடையை உடைத்தார்கள். பீப்பாய்களைத் திறந்து ஒயினைத் தரையில் ஓடவிட்டார்கள். தெருவில் போன வந்தவர்களுக்கும் அடி விழுந்தது. இதையெல்லாம் எழுதி வைத்தவர் மாத்யூ பாரிஸ் என்ற இங்கிலாந்துத் துறவி. பெயரில்தான் பாரிஸ். அவர் மனம் மாணவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவர்களைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அன்றைய பாரிஸ் மாணவர் சட்டப்படி திருச்சபையைச் சேர்ந்தவர். உச்சந்தலையை மழித்துக்கொண்டவர். அவரை விசாரிப்பது திருச்சபை நீதிமன்றம். அரசனின் ஆட்கள் கை வைக்கக் கூடாது. இப்படி ஒரு மதுக்கடைக் கலவரத்துக்குப் பிறகுதான் 1200-இல் பிரான்ஸ் மன்னர் பிலிப் இந்தப் பாதுகாப்பை எழுதியே கொடுத்தார்.

ஆனால் 1229-இல் முதலில் புகார் கொடுத்தவரே புனித மார்செல் ஆலயத்தின் தலைமைக் குரு. பாரிஸ் ஆயரிடமும் போப்பின் தூதராக இருந்த கர்தினால் ரோமானோவிடமும் அவர் முறையிட்டார். கர்தினாலுக்கும் மாணவர்களுக்கும் ஏற்கெனவே ஆகாது. நாத்ர்தாம் தேவாலயத்தின் சான்சலர் அனுமதி கொடுத்தால்தான் அங்கே ஒருவர் ஆசிரியராக முடியும். அந்தப் பிடியிலிருந்து நழுவ, ஆசிரியர்கள் ஆவணங்களில் பதிக்கத் தங்களுக்கென்று ஒரு முத்திரை செய்து வைத்துக்கொண்டார்கள். 1225-இல் கர்தினால் அதை உடைத்துப் போட்டார். மாணவர்கள் ஆயுதங்களோடு அவர் தங்கியிருந்த வீட்டைத் தாக்கினார்கள். இப்போது அவர் சும்மா இருப்பாரா? ஆயரும் அவரும் விஷயத்தை அரசி பிளான்ஷிடம் கொண்டுபோனார்கள். மகன் ஒன்பதாம் லூயி சிறுவன் என்பதால் ஆட்சி அவர் கையில் இருந்தது. தண்டியுங்கள் என்று காவலர்களுக்கு உத்தரவு போட்டார்.

காவலர்கள் மதிலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த வேறு மாணவர்கள் மேல் பாய்ந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பலர் செத்தார்கள். ஆசிரியர்கள் ஆயரிடம் போனார்கள், கர்தினாலிடம் போனார்கள், அரசியிடம் போனார்கள். எங்கும் நியாயம் கிடைக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்யாவிட்டால் ஆறு ஆண்டுகளுக்கு பாரிஸில் யாரும் பாடம் நடத்தக் கூடாது என்று தீர்மானித்தார்கள். கெடு முடிந்தது, கிளம்பிவிட்டார்கள்.

அது எப்படி அவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடிந்தது? ஏனென்றால் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. வாடகை அறையில் பாடம், வாடகை அறையில் படுக்கை. ஆட்கள் போனால் பல்கலைக்கழகமும் கூடவே போய்விடும். என்னைக் கேட்டால், அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களிலேயே வலிமையானது இந்த இல்லாமைதான்; தடியும் வாளும் எடுத்தபோது அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் வரவேற்கக் காத்திருந்தார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, வாருங்கள், பிடித்த ஊரில் தங்குங்கள் என்று கடிதம் எழுதினார். சிலர் ஆர்லியான், ஆஞ்சே நகரங்களுக்குப் போனார்கள். தெற்கே துலூஸில் மதத் துரோகக் கருத்துகளை ஒடுக்குவதற்கென்றே அப்போது ஒரு புதுப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தார்கள். பாரிஸில் தடை செய்யப்பட்ட கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின், இயற்கையைப் பற்றிய நூல்களை எங்களிடம் வந்து கேட்கலாம் என்று அவர்கள் விளம்பரம் செய்ததுதான் வேடிக்கை!

கடைசியில் தலையிட்டவர் போப் ஒன்பதாம் கிரகோரி. அவரே பாரிஸில் படித்தவர். பாரிஸ் ஆயரைக் கடுமையாகக் கண்டித்தார். 1231 ஏப்ரல் 13-ஆம் தேதி ஓர் ஆணை வெளியிட்டார். மாணவர் ஒருவர் கொல்லப்பட்டு அல்லது காயப்பட்டு, பதினைந்து நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் பாடத்தை நிறுத்தலாம். அறை வாடகைக்கு வரம்பு கட்டும் உரிமையைப் பறித்தாலும் நிறுத்தலாம். சான்சலர் நேர்மையாக நடப்பேன் என்று ஆசிரியர்கள் முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். சொந்தமாகச் சிறை வைத்துக்கொள்ளக் கூடாது. வேலைநிறுத்தத்தைச் சட்டமாக்கிக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லலாம். சும்மா கொடுக்கவில்லை. மாணவர்கள் ஆயுதத்தோடு ஊரில் திரியக் கூடாது. அரிஸ்டாட்டிலின் அந்த நூல்களைப் பரிசோதித்துப் பிழை நீக்கும்வரை பாடமாக வைக்கவும் கூடாது. உள்ளூர் ஆயரின் பிடியைத் தளர்த்தி, கயிற்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

சரி, ஆசிரியர்கள் ஊரில் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. டொமினிக்கன் சபை என்ற துறவியர் அமைப்பைச் சேர்ந்த கிரெமோனா ஊர் ரோலாந்துக்கு, ஆயரின் ஆதரவோடு, இறையியல் ஆசிரியர் பதவி கிடைத்தது. 1253-இல் காவலர்கள் மறுபடியும் ஒரு மாணவரைக் கொன்றார்கள். பல்கலைக்கழகம் கிரகோரி கொடுத்த உரிமையைப் பயன்படுத்திப் பாடத்தை நிறுத்தியது. ரோலாந்தைப் போல உள்ளே வந்திருந்த துறவி ஆசிரியர்கள் சேர மறுத்துப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். கோபத்தில் பல்கலைக்கழகத்தார் அவர்களை விலக்கி வைத்தார்கள். இந்த முறை கடைசியில் போப் நின்றது துறவிகள் பக்கம். 1256-இல் தாமஸ் அக்குவினாஸ் என்ற இளம் டொமினிக்கன் துறவி ஆசிரியராகத் தொடக்க உரை நிகழ்த்த இருந்தபோது, அதைக் கேட்க வந்தவர்களைப் பல்கலைக்கழகத்தார் தடுக்கிறார்கள் என்று போப் அலெக்சாண்டரே கண்டித்துக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

வணக்கம்.