கருப்பு வெள்ளை வட்டம்

வணக்கம் நேயர்களே. இன்னிக்கு சீனாவோட பழைய தத்துவமான யின் யாங் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். பேரு தெரியாதவங்களுக்கும் அந்த வட்டம் தெரியும், டி-ஷர்ட்ல, கழுத்து டாலர்ல, கராத்தே கிளாஸ் போர்டுல, பைக் ஸ்டிக்கர்ல, பச்சை குத்துற கடை வாசல்லன்னு எங்கயாவது பார்த்திருப்பீங்க. பாதி கருப்பு, பாதி வெள்ளை, கருப்புக்குள்ள ஒரு வெள்ளைப் புள்ளி, வெள்ளைக்குள்ள ஒரு கருப்புப் புள்ளி.

அது என்னன்னு கேட்டா, பத்துக்கு எட்டுப் பேரு "வெள்ளை நல்லது, கருப்பு கெட்டது, ரெண்டும் கலந்ததுதான் வாழ்க்கை"ன்னு சொல்லுவாங்க. இத நான் எங்க கேட்டாலும் மறுத்துப் பேசுவேன், இங்கயும் பேசுறேன். அது நல்லது கெட்டது கணக்கு இல்லைங்க. வெயில் நிழல், சூடு குளிர்ச்சி, நடமாட்டம் ஓய்வு, இப்படி ஒண்ணு மாறி ஒண்ணு வர்ற சுழற்சி. வெயில், சூடு, நடமாட்டம் எல்லாம் யாங், நிழல், குளிர்ச்சி, ஓய்வு எல்லாம் யின். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சீனாவ ஆண்ட ஹான் வம்சத்துக் காலத்துல தொங் சோங்ஷுன்னு ஒரு அறிஞர், அவரு யாங்க ஒசத்தியாவும் யின்ன தாழ்த்தியும் பேசினவருதான், அத மறைக்க வேண்டாம், ஆனா அவரே யின்னோட துணை இல்லாம யாங் தனியா ஒரு வருஷத்த முடிக்க முடியாதுன்னுதான் சொல்றாரு.

உச்சி வெயிலுக்கு நின்னு பார்த்தவங்களுக்கு இது தெரியும். வெயில் உச்சிக்குப் போன அந்த நிமிஷத்துலயே சாயவும் ஆரம்பிச்சிடுது இல்லையா. சீனாவுல டிசம்பர் 21, 22 வாக்குல தோங்ச்சின்னு ஒரு நாள் கொண்டாடுவாங்க, வருஷத்துலயே நீளமான ராத்திரி, குளிர் இன்னும் ஏறப்போற நேரம், ஆனா வெளிச்சம் திரும்புதுன்னு குடும்பமா உக்காந்து சாப்பிடுவாங்க. யி ஜிங்ங்கிற பழைய நூல்ல 64 குறி உண்டு, ஒவ்வொண்ணும் ஆறு கோடு, கோடு ஒண்ணு முழுசா இருக்கும் இல்லேன்னா நடுவுல உடைஞ்சிருக்கும், முழுசு யாங், உடைஞ்சது யின். இந்த நாளுக்கு உரிய குறியில மேல அஞ்சு கோடும் உடைஞ்சது, அடியில மட்டும் ஒரே ஒரு முழுக்கோடு. அந்தக் கருப்புக்குள்ள இருக்குற வெள்ளைப் புள்ளியும் இதேதான், சுழற்சிதான், திரும்பத் திரும்ப இதத்தான் சொல்லுவேன்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைக்கு வர்றேன். ஜெர்மனில லைப்னிட்ஸ்னு ஒரு பெரிய கணித மேதை. 0, 1 ரெண்ட மட்டும் வெச்சு எல்லா எண்ணையும் எழுதலாம்னு 1679லயே எழுதி வெச்சிருந்தாரு. அதே காலத்துல சீனாவுல காங்ஸி பேரரசரோட அரண்மனைல பூவேன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார், யி ஜிங்ல ஊறிப்போனவரு. ரெண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்துச்சு. லைப்னிட்ஸோட இந்த 0, 1 கணக்கப் பார்த்த பூவே, அடடா இது நம்ம 64 குறி மாதிரில்ல இருக்குன்னு 1701 நவம்பர்ல பெய்ஜிங்ல இருந்து அந்தக் குறிகளோட வரிசைய அனுப்பினாரு. அந்த வரிசை சோங் வம்சத்துக் காலத்துல, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஷாவ் யோங்ங்கிற அறிஞரோட முறைல அமைஞ்சது. கடிதம் கடல் தாண்டி லைப்னிட்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது 1703 ஏப்ரல்ல, யோசிச்சுப் பாருங்க, ஒரு கடிதத்துக்கு ஒண்ணரை வருஷம்! பிரிச்சுப் பார்க்குறாரு, உடைஞ்ச கோட்ட 0ன்னும் முழுக்கோட்ட 1ன்னும் வெச்சா 0ல இருந்து 63 வரைக்கும் அப்படியே வரிசையா நிக்குது. உடனே தன் கட்டுரைல அத சேர்த்து பாரிஸ் அகாடமிக்கு அனுப்பிட்டாரு.

இத வெச்சு "கம்ப்யூட்டரக் கண்டுபிடிச்சதே யி ஜிங்தான்"னு வாட்ஸ்அப்ல வருது, அது சரியில்ல, லைப்னிட்ஸ்கிட்ட கணக்கு முன்னாடியே இருந்துச்சு. அவரு அந்தக் குறிகள்ல பார்த்தது தன் கணக்கத்தான். ஆனா ஒண்ணு, கோடு கோடா எண்ணிப் பார்த்தாரு பாருங்க, அந்த மரியாத எனக்குப் பெருசாத் தெரியுது. டென்மார்க்கோட அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் (Bohr), அவரும் அப்படித்தான், 1947ல டென்மார்க் அரசு யானை விருது குடுத்தப்போ தனக்குன்னு ஒரு கேடயச் சின்னம் வேணும், அவரு தேர்ந்தெடுத்தது இந்த வட்டத்தத்தான், எதிரெதிரானதுங்க ஒண்ண ஒண்ணு நிறைவு செய்யுதுங்கிற வாசகத்தோட.

அங்க அப்படி, சீனாவுக்குள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? 1915லயே சென் துசியூன்னு ஒரு எழுத்தாளர், பின்னாடி கம்யூனிஸ்ட் கட்சியத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், நம்ம படிச்சவங்களுக்கு அறிவியல் தெரியாததாலதான் யின் யாங், பஞ்சபூதம்னு சொல்லி ஜனங்களக் குழப்புறாங்கன்னு எழுதினாரு. அவரு கோபத்துல நியாயம் உண்டு, ஏன்னா அப்போ இந்தக் குறிகள வெச்சு ஜோசியமும் மனையடியும் பார்த்துப் பொழச்சவங்க ஏராளம், நாடு தோத்துக்கிட்டு இருந்த நேரம் வேற. 1966ல கலாசாரப் புரட்சி வந்தப்போ பழைய சிந்தனை, பழைய கலாசாரம், பழைய வழக்கம், பழைய பழக்கம்னு நாலு பழசையும் ஒழிக்கணும்னு கோயில்கள அடைச்சு உடைச்சாங்க. இப்போ பாருங்க, அதே தத்துவத்துல வளர்ந்த தாய் சி சுவான்ங்கிற உடற்பயிற்சி 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறியிருக்கு, காலையில பார்க்குல பெரியவங்க மெதுவா கைய வீசிப் பழகுறாங்க. எனக்கென்னவோ புத்தகத்தவிட அவங்க உடம்புலதான் அந்தச் சுழற்சி ஒழுங்கா உயிரோட இருக்குன்னு படுது. இன்னொண்ணு, டாலர்ல தொங்குற அந்த மீன் வடிவ வட்டத்த அஞ்சாயிரம் வருஷப் பழசுன்னு விக்கிறாங்க, தத்துவம் பழசுதான், ஆனா சோங் காலத்துல சௌ துன்யி வரைஞ்ச படம்கூட வேற மாதிரி, இந்த வடிவம் சீனப் புத்தகங்கள்ல வர்றது அதுக்கும் அப்புறம், 14ம் நூற்றாண்டுல தொடங்கின மிங் வம்சத்துக் காலத்த ஒட்டி.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. தென்கொரியக் கொடியப் பத்தி நிறையச் சொல்லணும்னு எழுதி வெச்சிருந்தேன், ஒரு வரி மட்டும்: நடுவுல சிவப்பும் நீலமுமா இதே வட்டம், நாலு மூலைல வானம், பூமி, நீர், நெருப்புக்கான கோடுகள், 1949ல இன்ன அளவுன்னு முறைப்படி நிர்ணயிச்சாங்க, வானத்துக்கு நேர் எதிர் மூலைல பூமி, நெருப்புக்கு எதிர்ல நீர். நன்றி, வணக்கம்.