மஸ்கெலியா இந்த வாரம்: வெளிய வந்த பழைய டவுனும் வீடு வந்து சேராத கடிதமும்

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியா டவுன்லருந்து பேசுறேன். பின்னால கேக்குற சத்தம் நல்லத்தண்ணி போற பஸ்ஸு. சிவனொளிபாத மலை சீசன் நேரம், கொஞ்சம் பொறுத்துக்கங்க. கொழும்புல கடையில நிக்கிற தம்பிமாரு, குவைத், டுபாய்னு போயிருக்கிற அக்காமாரு, நீங்கதான் இந்த வீடியோவுக்கு ரொம்ப காத்திருக்கிறீங்க, கமென்ட்ல தெரியுது. ஊர்ல என்னா நடக்குதுன்னு சொல்லிர்றேன்.

முதல்ல தண்ணி. மழை இல்லாததால மவுசாக்கலை டேம் நல்லா இறங்கிக் கிடக்கு. இறங்கினா என்னா தெரியும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. பழைய மஸ்கெலியா டவுன்! இளசுங்களுக்காக சொல்றேன். 1960கள்ல அணை கட்டுனப்போ, அப்ப இருந்த டவுன் அப்படியே தண்ணிக்குள்ள போயிருச்சு. இப்ப நாம நிக்கிற டவுன் அதுக்கப்புறம் மேட்டுல வந்தது. கோடை கடுமையா இருந்தா பழைய கோயிலு, பன்சலங்கிற பௌத்த விகாரை, பள்ளிவாசல், மூணோட மிச்சமும் தலை காட்டும்.

நேத்து சாயந்தரம் எங்க தோட்டத்து தாத்தா ஒருத்தரோட கரையில நின்னேன். அந்த டவுன்ல சின்னப் பையனா சுத்துனவரு. வெடிச்சுக் கிடக்கிற சேத்த காட்டி, "இந்தா, இதுதான் ரோட்டு. இந்தப் பக்கம் துணிக்கடை, அதுக்கு அடுத்தது சலூன்"னு சொல்லிக்கிட்டே கையால கோடு போடுறாரு. நான் பாத்தா வெறும் செங்கல்லு, பாசி புடிச்ச சுவரு. அவரு ஒவ்வொரு கடைக்கும் முதலாளி பேரு சொல்றாரு. முழுசா ரெக்கோர்ட் பண்ணிட்டேன், தனி வீடியோவா போடுறேன். உங்க வீட்டுலயும் அந்த வயசுல ஆள் இருந்தா இப்பவே கேட்டு வெச்சுக்கங்க.

பாக்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். மேல காஞ்சு தெரியிற சேறு உள்ள காயல. கால வெச்சா முழங்கால் வரைக்கும் இறங்குது, சின்னப் பிள்ளைகள கீழ விடாதீங்க. அடுத்தது குப்பை. போத்தல், லஞ்ச் ஷீட்டு, பிஸ்கட் கவரு, பாக்கவே வயிறு எரியுது. இந்தத் தண்ணி கெனியன் மின்நிலையத்த ஓட்டிட்டு களனி கங்கையில போய்ச் சேர்ற தண்ணி. கொழும்புல நம்ம பிள்ளைங்க குழாயத் தொறந்தா வர்றதும் பெரும்பாலும் களனித் தண்ணிதான். தயவு செஞ்சு கொண்டுபோனத திரும்பக் கொண்டுவாங்க.

சீசனப் பத்தி சுருக்கமா. டிசம்பர் போயா, அதாவது பௌர்ணமிக்குத் தொடங்குனது மே மாசம் வெசாக் வரைக்கும் ஓடும். கடைக்காரங்களுக்கும் ஆட்டோ ஓட்டுற தம்பிமாருக்கும் நாலு காசு பாக்குற காலம், சந்தோசம். ஆனா சனி, ஞாயிறு, போயா வந்தா ஹட்டன்லருந்து வர்ற பஸ் நெறஞ்சே வருது. கிளினிக்குக்குப் போன வயசாளிங்க சந்தியில காத்துக் கெடக்கிறாங்க. சாமி கும்பிட வர்றவங்க வரட்டும், ஊர் ஆளுக்கு காலையில ஒரு பஸ்ஸு, சாயந்தரம் ஒரு பஸ்ஸு தனியா விட்டா போதும். இத நான் இங்க பேசுறதோட விடாம எழுத்துலயும் குடுத்திருக்கேன்.

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு இந்த வாரம் தூக்கத்த கெடுத்தது. எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு தங்கச்சி. ஏ.எல். நல்லா பாஸ் பண்ணி ஒரு வேலைக்கு விண்ணப்பிச்சிருந்துச்சு. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி கடிதம் வந்திருக்கு. அது கையில கெடச்சப்போ தேதி முடிஞ்சு போச்சு. அந்தக் கவர நான் வாங்கிப் பாத்தேன். மூலையில எண்ணெய்க் கறை. நடுவுல ஒரு மடிப்பு, யாரோ சட்டைப் பையில வெச்சிருந்திருக்கணும். முகவரின்னு பாத்தா பிள்ளையோட பேரு, தோட்டத்துப் பேரு, மஸ்கெலியா. அவ்வளவுதான். அந்தத் தோட்டத்துல அதே பேருல வேற பிள்ளைங்களும் இருக்கு. கடிதம் தோட்டத்தோட இன்னொரு டிவிஷனுக்குப் போய் சுத்திட்டு வந்திருக்கு.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது புரியாது. தபால்காரர் வாசல்ல மணி அடிப்பாரு, கடிதத்த வாங்கிக்குவாங்க. லயத்துக்கு அப்படி இல்ல. போஸ்ட் ஒஃபிஸ்லருந்து பையோட தோட்டத்து ஒஃபிசுக்குப் போகும். அங்கருந்து டிவிஷனுக்கு. பிறகு காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துலயோ கொழுந்து நிறுக்கிற எடத்துலயோ, "உங்க லயத்து ஆளுக்கு ஒண்ணு வந்திருக்கு, குடுத்துரு"ன்னு யார் கையிலயாச்சும் குடுப்பாங்க. அத்தன கை மாறி வர்ற கடிதம் வந்தா வந்தது, இல்லாட்டி இல்ல. வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், கோர்ட்டுக் கடிதம் எல்லாம் இந்த வழியாத்தான் வருது. யாரையும் பேர் சொல்லிக் குத்தம் சொல்ல வரல. நம்ம சனம் இந்தியாவுலருந்து இங்க வந்து, 1823லருந்து கணக்கு வெச்சு, 200 வருசம் ஆச்சுன்னு 2023ல தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நம்ம சனம் நடந்துச்சு. ஒரு டவுனையே எடுத்து மேட்டுல வெச்ச நாட்டுல லயத்துக் காம்பராவுக்கு, அதான் ஒவ்வொரு குடும்பமும் இருக்கிற அறைக்கு, ஒரு நம்பர் போட்டு, அந்த நம்பருக்குக் கடிதத்தக் கொண்டுவந்து குடுக்க முடியாதா? முடியும். கேக்கணும். பிரதேச சபையில நம்ம வோட்டுல போய் உக்காந்திருக்கிறவங்க இத முதல் வேலையா எடுக்கணும்.

அது நடக்கிற வரைக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் நிரப்பும்போது பேரோட நிறுத்தாதீங்க. அப்பா பேரு, லயத்து நம்பர், காம்பரா நம்பர், டிவிஷன், தோட்டம், கடைசியில போன் நம்பர், எல்லாத்தையும் முகவரிக் கட்டத்துலயே எழுதுங்க. எடம் பத்தாட்டி சின்னதா எழுதுங்க. கவர்ல போன் நம்பர் இருந்தா ஒஃபிஸ்ல இருக்கிறவரு ஒரு கோல் எடுத்துச் சொல்லிருவாரு, நல்ல மனுசங்க இருக்காங்க. நம்பர் இல்லாத லயத்துல இளைஞர் மன்றப் பிள்ளைங்க சேந்து நீங்களே பெயின்ட்ல நம்பர் எழுதுங்க. எங்க டிவிஷன்ல வர்ற ஞாயித்துக்கிழமை தொடங்குறோம்.

இதோட சேத்து உங்க கிராம சேவகர் பிரிவு எது, பிரதேச செயலகம் எதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா மழை தொடங்கினா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குடுக்கிற மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவோட பேருலதான் ரேடியோவுல வரும். தோட்டத்துப் பேரச் சொல்ல மாட்டாங்க. மஞ்சள்னா விழிப்பா இரு, செம்மஞ்சள்னா கெளம்ப ரெடியா இரு, சிவப்புன்னா உடனே வெளியேறு. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 காலையில லயத்தோட சனம் மண்ணுக்குள்ள போச்சு. அந்த எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் சொல்லியிருந்தாங்க. சொன்னது காகிதத்துல இருந்துச்சு, சனம் லயத்துலயே இருந்துச்சு. இப்ப வெயில் அடிக்குதேன்னு இருக்காதீங்க, சுவர்லயோ மண்ணுலயோ புதுசா வெடிப்பு தெரிஞ்சா அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு எடுங்க.

தோட்டத்து நாள் சம்பளம் பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க. 2026 வரவு செலவுத் திட்டத்துல சொன்ன 1,750 ரூபா எப்படின்னா, அடிப்படை 1,550, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் குடுக்கிறது 200. பத்தாந் தேதி சம்பளத் துண்டு வந்ததும் ரெண்டும் தனித்தனியா விழுந்திருக்கான்னு பாருங்க. கொறஞ்சிருந்தா துண்ட கீழ போட்டுறாதீங்க, சங்கத் தலைவர்கிட்ட காட்டுங்க.

சிறுத்தை. மேல் மலையில ரெண்டு நாய் காணாமப் போச்சு, பயம் நியாயம்தான். பொழுது விழுந்தா பிள்ளைகளத் தனியா தண்ணிப் பீலிக்கு அனுப்பாதீங்க. ஆனா மரக்கறித் தோட்டத்துக்கு பன்னி வருதுன்னு கம்பி வலை கட்டாதீங்க. 2020 மே மாசம் இந்தா நல்லத்தண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டி, மருந்து போட்டும் பொழைக்கல. நம்ம மலையில அப்படி ஒரு உசுரு இருக்குன்னு நம்மள்ல நெறைய பேர் தெரிஞ்சுக்கிட்டதே அப்பதான். வலையில எது மாட்டியிருந்தாலும் கிட்டப் போகாம வனஜீவராசிகள் திணைக்களத்தோட 1992க்கு சொல்லுங்க.

கடைசியா சந்தோசமான சேதி. மாசி பொறந்தாச்சு, காமன் கூத்து! சிவன் மன்மதன எரிச்ச கதைய ராத்திரி ராத்திரி ஆடுற கூத்து. அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் எங்க பொட்டல்ல கம்பம் நட்டாச்சு. ராத்திரி ராத்திரி தப்புச் சத்தம் மலையெல்லாம் கேக்குது. இந்த வருசம் மன்மதன் பொஞ்சாதி ரதி வேசம் கட்டுற தம்பி புது ஆளு, பகல்ல தேயிலைக் கவ்வாத்து வெட்டுறவரு. வாத்தியார் பாட்ட எடுத்துக் குடுக்கும்போது அவரு கண்ண மூடி ஒரு தடவ தலையாட்டிட்டு அப்புறம்தான் அடி வெக்கிறாரு, பாத்துக்கிட்டே இருக்கலாம். பௌர்ணமிக்கு காமன் எரிப்பு. லீவு கெடைக்கிறவங்க அன்னைக்கு ஊருக்கு வந்துருங்க. உங்க தோட்டத்துல எந்த ராத்திரி தூதன் வர்றாரு, எந்த ராத்திரி வீரபத்திரன் எறங்குறாருன்னு கமென்ட்ல போடுங்க. முடிஞ்ச மட்டும் எல்லாப் பொட்டலுக்கும் கெமராவோட வர்றேன். தாத்தா வீடியோ வெள்ளிக்கிழமை வரும். வரட்டுங்களா?