மஞ்சள் மண்டி ஆக்சஸ் ஃபைல் திறக்கவில்லை: ஒன்றரை நாள் மல்லுக்கட்டு

வணக்கம். ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் இந்த அறையில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது. இன்றைக்குப் புது மென்பொருள் எதுவும் இல்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியின் ஆக்சஸ் ஃபைலோடு ஒன்றரை நாள் மல்லுக்கட்டிய கதைதான். ஆக்சஸ் என்றால் பதிவுகளை டேபிள் டேபிளாக வைக்கிற மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள். மண்டிக்காரரிடம் அனுமதி வாங்கி ஃபைலின் காப்பி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். திரையில் தெரிவது அதுதான். விவசாயிகள் பெயர், போன் நம்பர் இருக்கிற பத்திகளை மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. “ஏனுங்க தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு. இப்பத் தெறக்கவே மாட்டேங்குது. ஏதோ அன்ரெகக்னைஸ்டுன்னு இங்கிலீஷ்ல வருதுங்க.” புது மஞ்சள் வரத்து ஆரம்பித்த நேரம். வாசலில் வண்டி நிற்கிறது, பில் போட முடியவில்லை. எதையும் தொடாதீர்கள், மூன்று கம்ப்யூட்டரிலும் அந்த ஃபைலைத் திறக்க முயற்சி பண்ணாதீர்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவர் சொன்ன செய்தி ‘அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மேட்’. பிழை எண் 3343. இது வந்தாலே ஃபைல் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய ஆக்சஸில் சேர்ந்த வசதி எதையாவது பயன்படுத்திய ஃபைலைப் பழைய ஆக்சஸில் திறந்தாலும் இதே செய்தி வரும். அதனால் முதலில் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். இங்கே மூன்றுமே ஒரே ஆக்சஸ். நேற்றுவரை ஓடிய ஃபைல். ஆக, அடி உள்ளே பட்டிருக்கிறது.

சரி, போனதும் முதல் வேலையாக ஃபைல் இருக்கிற ஃபோல்டரைப் பார்த்தேன். மண்டி ஃபைலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில், பூட்டு போட்ட சின்ன ஐகானோடு இன்னொரு ஃபைல் கிடக்கிறது பாருங்கள். இதுதான் பூட்டு ஃபைல். பெயரின் கடைசியில் வரும் எழுத்து மட்டும் மாறும்: ஆக்சஸ் ஃபைல் ஏசிசிடிபி என்றால் இது எல்ஏசிசிடிபி, பழைய வகை எம்டிபி என்றால் இது எல்டிபி. யாராவது திறந்தவுடன் ஆக்சஸ் இதை உண்டாக்கும், கடைசி ஆள் வெளியே போனதும் அழித்துவிடும். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்த பிறகும் இது கிடந்தால், ஒன்று யாரோ முறையாக மூடாமல் அறுந்து போயிருக்கிறார்கள், இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் ஃபைலை அழிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இதை நோட்பேடில் திறக்கலாம், ஒன்றும் ஆகாது. நடுவில் காலி இடம் விட்டு கம்ப்யூட்டர் பெயர், அப்புறம் ‘அட்மின்’, மறுபடி ஒரு கம்ப்யூட்டர் பெயர், மறுபடி ‘அட்மின்’ என்று இருக்கும். ஒரு ஆளுக்கு 64 பைட். முதல் 32-இல் கம்ப்யூட்டர் பெயர், அடுத்த 32-இல் பயனர் பெயர். 255 பேர் வரைக்கும் இடம் உண்டு. மண்டிக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, “அட்மின்னு யாரையும் நான் வேலைக்கு வெக்கலீங்களே”ன்னு கேட்டார். அவருக்கு நிஜமாகவே சந்தேகம். முந்தின வாரம்கூட ‘அட்மின் என்பவர் இந்த ஃபைலைத் தனக்கு மட்டுமாகத் திறந்து வைத்திருக்கிறார்’ என்று ஒரு செய்தி வந்ததாம். அது பிழை எண் 3356. அட்மின் ஆள் இல்லை. ஏசிசிடிபி-யில் ஆள்வாரி லாகின் கிடையாது, எல்லோரும் ஆக்சஸுக்கு அட்மின்தான். அந்தச் செய்தியில் நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் வருகிற கம்ப்யூட்டர் பெயரை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் இப்போது உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. வெளியே போனவரின் பெயர் உடனே அழியாது, வேறொருவர் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை அப்படியே இருக்கும்.

இங்கே கடைசியாக இருந்த பெயர் கணக்குப்பிள்ளையின் லேப்டாப். கேட்டதும் மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாட், அதாவது விற்பனைக்கு வந்த மஞ்சள் குவியல்களின் விவரம், பதிந்துகொண்டிருந்தபோது குடோனில் மூட்டை எண்ணிக்கை சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டே போயிருக்கிறார். குடோன் கதவைத் தாண்டினால் வைஃபை கிடையாது. பாதி எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆக்சஸின் சங்கடம் இதுதான். சர்வர் டேட்டாபேஸ் என்றால் எழுதுகிற வேலையைச் சர்வரே செய்யும், நாம் கேட்பதோடு சரி. ஆக்சஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக நேரடியாக அந்த ஒரே ஃபைலுக்குள் கையை விட்டு 4 கேபி பக்கங்களை எழுதுகிறது. நடுவில் ஒரு கை அறுந்தால் பக்கம் அரைகுறை. வைஃபையில் ஆக்சஸ் பேக்எண்டை, அதாவது டேபிள்கள் இருக்கிற பொது ஃபைலை, வைத்து வேலை செய்யாதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

அடுத்து பேக்கப். “பென் டிரைவ்ல தினமும் எடுக்கறோமுங்க”ன்னு பெருமையாக நீட்டினார்கள். அதுவும் திறக்கவில்லை! தினமும் சாயங்காலம், மற்ற இரண்டு கம்ப்யூட்டரில் ஃபைல் திறந்திருக்கும்போதே, அதே பெயரில், நேற்றைய காப்பியின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கெட்ட ஃபைல் வியாழக்கிழமை நல்ல ஃபைலைத் தின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்களைச் சொல்லி என்ன, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது காம்பாக்ட் அண்ட் ரிப்பேர், ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்ய ஆக்சஸிலேயே இருக்கிற பொத்தான். இணையத்தில் எங்கே கேட்டாலும் முதல் பதில் இதுதான். நானும் அதைத்தான் செய்தேன், ஆனால் மூலத்தில் இல்லை. மூல ஃபைலை என் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்து, அந்த இரண்டாவதில்.

ஏன் இவ்வளவு பயம் என்று மண்டிக்காரருக்குக் குடோன் கணக்கிலேயே சொன்னேன். ஆக்சஸில் ஒரு பதிவை அழித்தால் ஃபைல் சின்னதாகாது. மூட்டையை எடுத்த இடம் காலியாகக் கிடக்கிற மாதிரி உள்ளே இடம் கிடக்கும். காம்பாக்ட் என்றால் பக்கத்திலேயே புதுக் குடோன் கட்டி, பழையதிலிருந்து நல்ல மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அங்கே அடுக்கிவிட்டு, பழைய குடோனை இடித்து, புதியதற்குப் பழைய பெயர்ப் பலகையை மாட்டுவது. அப்போது ரிப்பேர்? கிழிந்த மூட்டையைத் தூக்க முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு வருவது. அதற்குப் பிறகு பழைய குடோன் கிடையாது. ரிப்பேர் பொத்தானுக்கு விட்டெறிகிற பொத்தான் என்று பெயர் வைத்திருந்தால் பாதிப் பேர் யோசித்து அழுத்தியிருப்பார்கள்.

இன்னொன்றும் இதிலிருந்தே புரியும். ஃபைல் 1.7 ஜிபி என்றால் டிஸ்கில் இன்னொரு அவ்வளவு இடமாவது காலியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் பழையதை நீக்கிப் பெயர் மாற்றும்போது ஆன்டிவைரஸோ கிளவுட் சிங்க்கோ ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை அந்த இடத்தில் நிற்கும். ஃபோல்டரில் திடீரென்று ‘டேட்டாபேஸ்1’ என்று ஒரு ஃபைல் முளைத்திருந்தால் பதறி அழித்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது இந்தப் புதுக் குடோன்தான். திறந்து பாருங்கள்.

சரி, காப்பியில் காம்பாக்ட் ஓடியது, ஃபைல் திறந்தது. மண்டியில் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு இல்லை. இடதுபக்கம் பட்டியலில் ‘எம்சிஸ் காம்பாக்ட் எரர்ஸ்’ என்ற டேபிளைத் தேடினேன். தெரியாவிட்டால் நேவிகேஷன் ஆப்ஷனில் சிஸ்டம் ஆப்ஜெக்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். தூக்க முடியாமல் விட்டதை ஆக்சஸ் இதில்தான் எழுதிவைக்கும், எந்த டேபிள், என்ன பிழை என்று. இதோ, நம் லாட் டேபிளின் பெயர் இருக்கிறது.

லாட் டேபிளைத் திறந்தால், குறிப்புப் பத்தியைப் பாருங்கள், முழுக்கப் புரியாத எழுத்து. “சைனாக்காரன் உள்ள பூந்துட்டானுங்களா?” என்றார் மண்டிக்காரர். இங்கே இரண்டு விதக் கிறுக்கல் இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருவது கெட்டுப்போனது இல்லை. பழைய கணக்குப்பிள்ளை பாமினியில் தட்டியது, அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். போட்டால் ‘விரலி’, ‘கிழங்கு’ என்று அழகாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு வரியில் நிஜமாகவே சீன எழுத்து. அதுதான் அடி பட்ட இடம். நீளமான குறிப்புகளை ஆக்சஸ் பதிவோடு வைக்காமல் வேறு பக்கத்தில் வைத்து, பதிவில் முகவரியை மட்டும் எழுதும். முகவரி தப்பானால் ஏதோ ஒரு பக்கத்தின் குப்பையை எடுத்து இரண்டிரண்டு பைட்டாக யூனிகோடு என்று படிக்கிறது. அப்படிப் படித்தால் பெரும்பாலும் சீன எழுத்துகளில்தான் போய் விழும். யாரும் உள்ளே புகவில்லை.

இந்த ஃபைலையே தொடர்ந்து ஓட்டலாமா? நான் ஓட்ட மாட்டேன். புதிய காலி டேட்டாபேஸ் திறந்து, ஒவ்வொரு டேபிளாக இறக்குமதி செய்தேன். பத்து டேபிள் வந்துவிட்டது. லாட் டேபிள் மட்டும் ‘சர்ச் கீ வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றது, பிழை எண் 3709. அதனால் அமைப்பை மட்டும் இறக்கி, பதிவுகளை அப்பெண்ட் குவெரியில், அதாவது ஒரு டேபிளின் பதிவுகளை இன்னொன்றில் சேர்க்கும் கட்டளையில், துண்டு துண்டாகக் கொண்டுவர முடிவு செய்தேன். ஏறக்குறைய 41,000 பதிவு. பாதி எடு, வந்தால் அடுத்த பாதி, வராவிட்டால் அதையே பாதியாக்கு. பதினாறு தடவை வெட்டினால் எந்தப் பதிவானாலும் சிக்கிவிடும்.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுந்தது என்று தெரிந்திருக்கும்போது, கடைசியில் எழுதிய பதிவுகளைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்? வாலிலிருந்து வந்திருந்தால் மூன்றாவது குவெரியிலேயே பிடித்திருப்பேன். ஒன்றரை மணி நேரம் வீண். கெட்டது ஒரே பதிவு, அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் வந்தது. அந்த ஒன்றைக் கையெழுத்து ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையே தட்டினார்.

முடிந்துவிட்டது என்று அப்போதே கிளம்பாதீர்கள். டிசைன் வியூவில் பிரைமரி கீ, அதாவது ஒரே எண் இரண்டு பதிவுக்கு வராமல் தடுக்கும் பத்தி, இருக்கிறதா பாருங்கள். கெட்ட ஃபைலை ரிப்பேர் செய்யும்போது ஒரே எண் இரண்டு முறை வந்துவிட்டால் பிரைமரி கீயும், அதைப் பிடித்துத் தொங்கும் டேபிள் உறவுகளும் சத்தமில்லாமல் கழன்றுவிடலாம். எந்தச் செய்தியும் வராது. இரண்டு மாதம் கழித்து ஒரே பில் எண்ணில் இரண்டு விவசாயி நிற்பார்கள். இங்கே பில் டேபிளில் அது நடந்திருந்தது, இரட்டைப் பதிவை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன்.

அப்புறம் ஃபைல் ஏன் 1.7 ஜிபி? ஆக்சஸ் ஃபைலுக்கு எல்லை 2 ஜிபி, அதைத் தொட்டால் வேறு விதமாகச் சாகும். காரணம் எடைச் சீட்டுப் படங்கள். யாரோ பழைய ஓஎல்இ பத்தியில், அதாவது படம் மாதிரி ஃபைல்களை டேபிளுக்குள்ளேயே ஒட்டிவைக்கும் பத்தியில், படங்களை ஒட்டியிருக்கிறார்கள். சின்ன ஜேபெக் போட்டாலும் காட்டுவதற்கென்று பிட்மேப் ஒன்றையும் சேர்த்துவைக்கிற பழக்கம் அதற்கு உண்டு, அது பல மடங்கு வீங்கும். படங்களைத் தனி ஃபோல்டருக்குக் கொண்டுபோய், பாதையை மட்டும் டேபிளில் வைத்தேன். ஃபைல் 90 எம்பி-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கடைசியாக ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். டேபிள் மட்டும் பேக்எண்டில், ஒயர் போட்ட ஒரே கம்ப்யூட்டரில், யூபிஎஸ்ஸோடு. ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஃபிரன்ட்எண்டாக ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிக் காப்பி. லேப்டாப்புக்கும் ஒயர்தான். மேஜைக்கும் குடோனுக்கும் நடுவே இனி நோட்டுதான் நடக்கும், லேப்டாப் நடக்காது.

போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார், ஒயர் எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் ‘இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்’, ஃபைல் முரண்பட்ட நிலையில் இருக்கிறது, என்று அடிக்கடி வருகிறதே என்று. 2018-இல் ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கும் இது வந்தது. ஷேர் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும் லீசிங் என்ற ஏற்பாடுதான் சிக்கல். பிறகு திருத்தங்கள் வந்தன, அதனால் முதலில் விண்டோஸையும் ஆபீஸையும் புதுப்பியுங்கள். அப்படியும் வந்தால் ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டரின் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்) லேன்மேன்சர்வர் பாராமீட்டர்ஸுக்குக் கீழே ‘டிசேபிள்லீசிங்’ என்பதை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் நிற்கும். ஷேர் கொஞ்சம் மெதுவாகலாம், பரவாயில்லை.

மண்டியில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை கணக்குப்பிள்ளை வந்து, எல்லாவற்றையும் மூடி, பூட்டு ஃபைல் மறைந்ததைப் பார்த்து, தேதி போட்டுக் காப்பி எடுத்துவிட்டு அப்புறம்தான் காம்பாக்ட் ஓட்டுகிறார். முதல் வாரம் எனக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். பூட்டு ஃபைல் போகவே இல்லை. மூன்று கம்ப்யூட்டரும் மூடியிருக்கிறது. விசாரித்தால் மண்டிக்காரர் வீட்டு மாடியில் நான்காவதாக ஒரு கம்ப்யூட்டர், அதில் அவர் தினமும் இருப்புப் பார்த்துவிட்டு மூடாமல் தூங்கப் போய்விடுகிறார். மாடிக்கு ஒயர் இழுக்கத்தான் நாளைக்குப் போகிறேன்.