சொம்புக்குள்ள தெரிஞ்ச ஆரஞ்சு நைட்டி: எடிட் பண்ணாம எடுத்த ஒரே ஒரு போட்டோ

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கு, மன்னிச்சுக்கோங்க. நேத்து மாடி ரூம்ல ஃபேன் போடாம வேர்த்து ஊத்திட்டு, கீழ வந்து ஃப்ரிட்ஜ் தண்ணிய அப்படியே குடிச்சா என்ன ஆகுமோ அது ஆயிடுச்சு. கும்பகோணத்து மே மாசம், ஃபேன் இல்லாம. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல இந்த போட்டோவைப் பாருங்க. ஒரு பித்தளை சொம்பு, மூணு கத்திரிக்காய், பின்னாடி கருப்பு. கேமரால இருந்து கார்டை எடுத்து அப்படியே போட்டுருக்கேன், க்ராப் கூட கிடையாது. பார்த்தா அரை மணி நேர வேலை மாதிரி இருக்குல்ல? நேத்து காலைல ஒன்பதே காலுக்கு ஆரம்பிச்சேன். முடிச்சப்போ மணி ஒண்ணே முக்கால்.

எதுக்கு இந்த வீம்புன்னா, பொங்கல் வீடியோ ஞாபகம் இருக்கா? சித்தப்பா பாத்திரக்கடைக்கு சொம்பு போட்டோ எடுத்துக் குடுத்து, லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல மஞ்சளை ஏத்தி, கான்ட்ராஸ்ட்டை ஏத்தி, "பாருங்க, தங்கம் மாதிரி தகதகன்னு இருக்கு"ன்னு இதே நாற்காலில உக்காந்து பெருமை அடிச்சேனே, அது. அந்த போட்டோவைப் பார்த்து ஆர்டர் போட்டவங்கள்ல மூணு பேர் சொம்பைத் திருப்பி அனுப்பிட்டாங்க. போட்டோல ஒரு கலர், கைக்கு வந்தது வேற கலராம். சரிதானே? தங்கம் மாதிரின்னு நானே சொல்லியிருக்கேன், வந்தது பித்தளை. போக வர கொரியர் காசு சித்தப்பா தலைல. அவர் திட்டவே இல்ல. காபி வாங்கிக் குடுத்துட்டு, "அடுத்த தடவை சொம்பு எப்படி இருக்கோ அப்படியே எடு பாப்பா"ன்னாரு. திட்டித் தொலைச்சிருக்கலாம்.

அதனாலதான் இந்த விதி. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி என்ன வேணா பண்ணலாம், அமுக்கின பிறகு ஒண்ணும் கிடையாது. உடனே யாராவது "ஜேபெக் ஃபைல்ல கேமராவே எடிட் பண்ணித்தானே தருது"ன்னு வருவீங்க. ஆமா, தருது. சென்சார்ல விழுறது வெறும் வெளிச்சத்தோட அளவு. அதுல கலர், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாம் சேர்த்துதான் கேமரா ஜேபெக்கா குடுக்குது. எடிட்டே இல்லாத டிஜிட்டல் போட்டோன்னு ஒண்ணு கிடையாது, அந்த சண்டைக்கு நான் வரல. நான் கேமராவோட கலர் செட்டிங்கான பிக்சர் ஸ்டைலை நியூட்ரல்ல வச்சு, கலர் அழுத்தத்தை ஏத்துற சாச்சுரேஷனை பூஜ்யத்துல விட்டுட்டேன். பொங்கலுக்கு ஏத்தின மஞ்சளுக்கு இது பிராயச்சித்தம்.

சரி, செட்டப். நம்ம மாடி ரூம், வடக்கு ஜன்னல், பழைய தையல் மிஷின் மேஜை. டியூப்லைட்டை அணைச்சாச்சு. இதை எத்தனை தடவை சொன்னாலும் சலிக்காது எனக்கு: ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கும்போது ரூம் லைட்டை அணைங்க. எங்க எல்இடி டியூப் 6500 கெல்வின், நீலம் அடிக்கும். ஜன்னல்ல வர்றது வேற கலர். சொம்போட ஒரு பக்கம் ஒரு நிறம், இன்னொரு பக்கம் இன்னொரு நிறம். வெள்ளையை வெள்ளையா காட்டுறதுக்கு கேமரால இருக்கிற ஒயிட் பேலன்ஸ் செட்டிங் ரெண்டுல ஒண்ணைத்தான் சரி பண்ணும்.

அதுலயும் ஒரு இடைஞ்சல். எதிர் வீட்டுல போன மாசம் பெயின்ட் அடிச்சாங்க, பிஸ்தா பச்சை. பார்க்க அழகுதான். ஆனா வெளிச்சம் அந்தச் சுவத்துல பட்டு என் ஜன்னலுக்குள்ள வரும்போது லேசா பச்சையா வருது. கண்ணுக்குத் தெரியாது, கண்ணு பழகிக்கும். கேமரா பழகிக்காது. அதனால சொம்பு நிக்கிற இடத்துலயே கிரே கார்டை, அதான் எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டையை வச்சு, அதையே ஒரு ஷாட் எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் போட்டேன். ஏ4 பேப்பர் வச்சா போதும்னு நானே பழைய வீடியோல சொல்லியிருக்கேன். வாபஸ் வாங்குறேன். அந்தப் பேப்பரை வெளுப்பா காட்டுறதுக்காக ஏதோ சேர்க்குறாங்க, வெயில் வெளிச்சத்துல அது நீலம் அடிக்கும். அதை வெள்ளைன்னு நம்பினா படம் மஞ்சளாப் போயிடும். மஞ்சள் விஷயத்துல எனக்கு இனிமே ரிஸ்க் எடுக்கத் தெம்பு இல்ல.

இப்போ கதைக்கு வரேன். சொம்பை அம்மா முந்தின நாள் ராத்திரியே புளி போட்டு, பீதாம்பரி போட்டு, கண்ணாடி மாதிரி தேய்ச்சு வச்சுட்டாங்க. நான் கேக்கவே இல்ல. பாசம். ஆனா பளபளப்பான உருண்டைப் பாத்திரத்தை விட மோசமான மாடல் உலகத்துலயே கிடையாது. சமமான கண்ணாடின்னா ஒரு திசையை மட்டும் காட்டும், திருப்பி வச்சுத் தப்பிச்சிடலாம். வயிறு பெருத்த சொம்பு மொத்த ரூமையும் காட்டும். நான், ட்ரைபாட், கதவு, கொடில தொங்குற துண்டு, எல்லாரும் உள்ள இருக்கோம்.

முதல் ஷாட்டை ஸ்க்ரீன்ல பெருசு பண்ணிப் பார்த்தா, சொம்போட இடது பக்கம் செம்பு நிறத்துல ஒரு கறை. புளி போட்டுத் தேய்ச்சா சில நேரம் பித்தளைல அப்படி சிவப்பு தட்டும். அம்மா புளியை ரொம்ப நேரம் ஊற விட்டுட்டாங்கன்னு நினைச்சு, சொம்பை எடுத்து மறுபடியும் தேய்ச்சேன். பத்து நிமிஷம். துடைச்சு, விரல் ரேகை படாம துணியால பிடிச்சு, அதே இடத்துல வச்சு எடுத்தேன். கறை அங்கேயே இருக்கு. திரும்பத் தேய்ச்சேன். திரும்ப வச்சேன். இப்போ கேமரா ஸ்க்ரீன்ல, லைவ் வியூல சும்மா பார்த்துட்டே இருக்கேன், கறை அசையுது.

அசையுது மக்களே. காத்து அடிச்சா ஆடுது.

எதிர் வீட்டு அக்காவோட நைட்டி. ஆரஞ்சு கலர், பூப்போட்டது, மொட்டைமாடிக் கொடில காயுது. அது ஜன்னல் வழியா வந்து என் சொம்புல உக்காந்திருக்கு. இருபது நிமிஷமா நான் தேய்ச்சது ஒரு நைட்டியை.

ஃபோன்ல விரலால வட்டம் போட்டா அழிஞ்சிருக்கும், தெரியும். விதி விதிதான். அப்போதான் பையில இருந்த போலரைசர், அதான் லென்ஸ் முன்னாடி மாட்டிப் பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர், ஞாபகம் வந்துச்சு. ஆமா, வாங்கிட்டேன். வாங்க மாட்டேன்னு மார்ச் வீடியோல சொன்னேன், ஆமா. திருச்சில ஒரு கடை, பேர் வேண்டாம். 2600 சொன்னாரு, நின்னு பேசி 2350க்கு வாங்கினேன். அந்த 250 ரூபாயைக் குறைச்சதுக்கு பஸ்ல வரும்போது வழியெல்லாம் சந்தோஷம். "எந்த ரிஃப்ளெக்ஷனா இருந்தாலும் தூக்கிரும் மேடம்"னாரு. மாட்டினேன். திருப்பினேன். சொம்புல நைட்டி அப்படியே ஆடுது. கால் சுத்து, அரைச் சுத்து, முழுச் சுத்து. நைட்டி ஜம்முனு இருக்கு.

கடைக்காரர் சொல்லாதது இதுதான். போலரைசர் தண்ணி, கண்ணாடி, இலை, பெயின்ட் இதுங்க மேல சாய்வா அடிக்கிற பளபளப்பைத்தான் வெட்டும். அந்தப் பொருட்கள் மேல பட்டுத் திரும்புற வெளிச்சம் ஒரே தளத்துல அதிர்ற மாதிரி மாறிடும், ஃபில்டர் அதை மறிக்கும். உலோகம் அப்படி மாத்தாது. வந்த வெளிச்சத்தை ஏறக்குறைய வந்தபடியே திருப்பி அனுப்பிடும், ஃபில்டருக்குப் பிடிமானமே கிடையாது. ரூபாய் 2350. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது எனக்கு மார்ச்லயே சொல்லியிருக்கலாம்.

ஆனா அதே ஃபில்டர் கத்திரிக்காய்ல வேலை செஞ்சுது! மேல இருந்த வெள்ளைப் பட்டை மொத்தமா போய் உள்ள இருக்கிற ஊதா எழுந்து வந்துச்சு. ஒரு நிமிஷம் காசு வந்துடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா களிமண் கத்திரிக்காய் மாதிரி உயிரில்லாம இருக்கு. பாதி திருப்பி, கொஞ்சம் பளபளப்பை மட்டும் விட்டேன். இந்த போட்டோல கத்திரிக்காய் மேல மெல்லிசா ஒரு கோடு தெரியுதே, அதுதான். அந்தக் கோட்டோட விலை 2350.

சரி, நைட்டிக்கு என்ன வழி? சொம்பு எதைப் பார்க்குதோ அதை மாத்தணும், அவ்ளோதான். அப்பாவோட எட்டு முழ வேட்டியை எடுத்து, ஜன்னல்ல இருந்து மேஜையைச் சுத்திக் கூடாரம் மாதிரி கட்டினேன். நைட்டி போச்சு, துண்டு போச்சு, நான் போயிட்டேன். ஆனா வேட்டிக் கரை பச்சை, அது சொம்பு கழுத்துல ஒரு கோடா வந்து நின்னுச்சு. கரையை மடிச்சுக் குத்தினேன். இப்போ எல்லாம் வெள்ளை. சொம்பு மஞ்சள் அட்டைல வெட்டி ஒட்டின மாதிரி தட்டையா ஆயிடுச்சு! உருண்டைன்னே தெரியல.

பாத்திரம் உருண்டையா தெரியணும்னா அதுக்குள்ள கருப்பும் வேணும். கருப்பு சார்ட் பேப்பரை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, சொம்புக்கு ரெண்டு பக்கமும், ஃப்ரேமுக்கு வெளிய நிக்க வச்சேன். ஓரத்துல ரெண்டு பக்கமும் கருப்புக் கோடு ஓடுது பாருங்க, அதுதான். மை தீட்டின மாதிரி. எனக்கு இந்த போட்டோல ரொம்பப் பிடிச்சது அந்தக் கோடுதான், கத்திரிக்காய் கூட இல்ல. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற நம்ம தெர்மாகோல் அட்டை, வெள்ளையன், வலது பக்கம் இருக்கான், அவனுக்கு இந்தத் தடவை பெரிய வேலை இல்ல.

மிச்சம் ஒண்ணுதான். வேட்டில லென்ஸுக்கு விட்ட ஓட்டை. சொம்பு வயித்துல கருப்பா ஒரு புள்ளி. கேமராவோட வந்த கிட் லென்ஸைக் கழட்டிட்டு, தூரத்துல இருந்து எடுக்கிற 55-250 லென்ஸை மாட்டி, கேமராவை எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் பின்னாடி தள்ளினேன். ட்ரைபாட் கால் ஒண்ணு வாசப்படிக்கு வெளிய நிக்குது. புள்ளி கடுகு சைஸுக்கு வந்துடுச்சு. அந்தக் கடுகை மறைக்கிற மாதிரி முன்னாடி ஒரு கத்திரிக்காயை நிமித்தி வச்சேன். நடுக் கத்திரிக்காய் ஏன் அங்க நிக்குதுன்னு கேட்டா, "காம்போசிஷன்"னு சொல்லிக்கலாம்.

அது நான் நினைச்ச கத்திரிக்காயே இல்ல. ஐயோ, இதைச் சொல்ல மறந்துட்டேன். மார்க்கெட்ல அரை கிலோவை ஒண்ணொண்ணா திருப்பிப் பார்த்து எடுத்தேன், "சமைக்கவா, பொண்ணு பார்க்கவா"ன்னு அந்தப் பாட்டி கேட்டாங்க. அதுல ஒண்ணு, காம்பு யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சு, அவ்ளோ அழகு. வேட்டி எடுக்கக் கீழ போனேனே, அப்போ பார்த்தா அடுப்புல எண்ணெய்க் கத்திரிக்காய் கொதிக்குது. காம்பு மட்டும் முழுசா மேல தெரியுது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எட்வர்ட் வெஸ்டன்னு ஒரு அமெரிக்கக்காரர், 1930ல ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள்ள வச்சு எடுத்தாரு, பெப்பர் நம்பர் 30ன்னு பேரு. புனலோட உட்பக்கம் வெளிச்சத்தைச் சுத்தி அனுப்பி அந்த வளைவெல்லாம் தசை மாதிரி தெரியும். போட்டோ எடுத்து முடிச்ச மிளகாயை அவரும் சாப்பிட்டுருக்காரு. முடிச்ச பிறகு, அம்மா. முடிச்ச பிறகு.

செட்டிங்ஸ் கேப்பீங்க: ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் ரெண்டு செகண்ட், டைமர்ல. முதல்ல துவாரத்தை இன்னும் சின்னதா, எஃப் 22 வச்சேன், சென்சார்ல இருக்கிற தூசி எல்லாம் புள்ளி புள்ளியா தெரிஞ்சுது, போதாததுக்கு படமும் லேசா மழுங்குச்சு. ரெண்டு செகண்ட் ஷட்டர் திறந்திருக்கும்போது வேட்டி ஆடினா சொம்புல வெளிச்சம் ஆடும். அதான் ஃபேன் இல்ல. ரொம்ப வெளுத்துப் போற இடம் ஒண்ணு ஸ்க்ரீன்ல மினுக்கி எச்சரிச்சுது. ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும், நான் அந்த ஸ்டாப்ல மூணுல ரெண்டு பங்கு குறைச்சேன். பின்னாடி இருக்கிறது கருப்பு வெல்வெட், மீட்டர் 190, துணிக்கடைல. இதையே போட்டோ பேக்ட்ராப்னு பேர் வச்சு 1299க்கு விக்கிறாங்க, எரிச்சலா வருது. வெல்வெட்ல ஒரு நூல் ஒட்டினாலும் நட்சத்திரம் மாதிரி தெரியும். செல்லோ டேப்பைக் கையில சுத்திக்கிட்டு ஒத்தி ஒத்தி எடுத்தேன், முக்கால் மணி நேரம் அதுக்கே போச்சு.

சாயங்காலம் போட்டோவையும் சொம்பையும் எடுத்துட்டு கடைக்குப் போனேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஃபோனையும் சொம்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாரு. கலர்? அச்சு அசல். அதை அவர் சொல்லல, தலையை மட்டும் ஆட்டினாரு. அப்புறம் ஸ்க்ரீன்ல விரலை வச்சு, "இந்த ஒடுக்கு எப்போ விழுந்துச்சு?"ன்னாரு.

அடிப்பக்கம், வலது ஓரம். சொம்புல நிஜமாவே சின்னதா ஒரு ஒடுக்கு. நாலரை மணி நேரம் அதையே பார்த்துட்டு இருந்திருக்கேன், எனக்குத் தெரியல. என்னோட கருப்புக் கோடு அந்த இடத்துல லேசா நெளியுது, இப்போ பாருங்க, உங்களுக்கும் தெரியும். நான் அது வேட்டி மடிப்புன்னு நினைச்சு விட்டுட்டேன். எடிட்ல சரி பண்ணிடட்டுமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சித்தப்பா அதுக்குள்ள சொம்பை பட்டறைப் பையன்கிட்ட குடுத்து, "ஒடுக்கு எடுத்து வை"ன்னுட்டாரு.

ஆக, ஞாயித்துக்கிழமை மறுபடியும் எடுக்கணும். அப்புறம் அந்த வெல்வெட், மீட்டர் 190 இல்ல, 210. பில்லு இப்போதான் பைல கிடைச்சுது. அப்பா வேட்டி துவைச்சுக் காயுது, கரையில ஊக்கு குத்தின ஓட்டையை அவர் இன்னும் பார்க்கல. வரேன் மக்களே, அம்மா கீழ கூப்பிடுறாங்க, சாப்பாட்டுக்கு. நேத்து குழம்புதான்.