பளபளக்கும் மரச்சாமானை போட்டோ எடுக்க லைட் வேண்டாம், வேட்டி போதும்!

[திரையில்: ஒரே மரக்கிண்ணம், இரண்டு படங்கள்]

இரண்டும் ஒரே கிண்ணம், ஒரே போன், ஒரே ஜன்னல். இடப்பக்கம் நடுவயிற்றில் கண்ணைக் கூசும் வெள்ளைத் திட்டு. வலப்பக்கம் மர ரேகை ஒவ்வொன்றும் தெரிகிறது. வித்தியாசம் ஒரு நாலு முழ வேட்டி!

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று கேலி வாங்கிய வேலூரிலிருந்து மரக் கடைசல் (லேத் மெஷினில் மரத்தைச் சுழற்றிச் செதுக்கும் வேலை) வீடியோவா என்று சிரிக்காதீர்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை, இன்றைக்கு அதுதான் முக்கியம்.

பாலிஷ் வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பரணில் பாதியில் கிடக்கும் கடைசல் சாமானை இறக்கி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேத்தில் மாட்டவே மாட்டாதீர்கள், சுற்றும்போது சிதறும். இல்லையென்றால் உப்புத்தாள் 120-ஆம் நம்பரில் தொடங்கி, நைசாக 180, 240, 320. அப்புறம் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது. அவ்வளவுதான்.

மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்துக்காரர்களுக்கு ஸ்பிரிட்டே வேண்டாம். சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராய்வுச் சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். மேலே தாழை மடலை வைத்துத் தேய்த்தால் முகம் பார்க்கலாம்.

முகம் தெரிகிறதே, அதுதான் போட்டோவில் வில்லன். கேரம் ஸ்ட்ரைக்கர் கட்டையில் எந்தச் சாய்வில் மோதுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். வெளிச்சமும் அப்படித்தான். திரும்பும் பாதையில் உங்கள் போன் நின்றால் திட்டு விழும். தட்டையான தட்டு என்றால் போனை நகர்த்தித் தப்பிக்கலாம். உருண்டையான கிண்ணத்தில் எங்கே நின்றாலும் ஏதோ ஓர் இடம் உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அதனால் நீங்கள் நகராதீர்கள், வெளிச்சம் வரும் பரப்பைப் பெரிதாக்குங்கள். ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் ஜன்னல் முழுவதும் ஒரே விளக்காகிவிடும், திட்டு பரவி மங்கிவிடும். சிவப்புக் கரையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கிண்ணத்தின் வயிற்றில் சிவப்பாக ஒரு கோடு ஓடும். எதிர்ப்பக்கம் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் விளிம்பு எடுப்பாகத் தெரியும். மினுமினுப்பை முழுசாகத் துடைத்துவிடாதீர்கள், விளிம்போரம் ஒரு கீற்று இருக்கட்டும். அதுவும் போய்விட்டால் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதுவரை ஸ்கிப் பண்ணாமல் பார்த்தவர்கள் ஒரு லைக் போடுங்கள், உங்களுக்குத்தான் அடுத்த விஷயம்.

1808-இல் பாரிஸில் மாலுஸ் என்ற விஞ்ஞானி, எதிரே இருந்த அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். பிம்பம் இரண்டாகத் தெரிந்தது. படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒன்று மங்க, இன்னொன்று பளிச்சிட்டது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சாதாரண வெளிச்சம் மாதிரி இல்லை என்பது அப்படித்தான் பிடிபட்டது. அது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. அரக்குப் பூச்சிலும் இதே கதை. போலரைஸ்டு கூலிங் கிளாஸை (ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது) போன் லென்ஸ் முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் கூச்சம் அடங்கிவிடும். தட்டையான மூடியை மேற்பரப்பிலிருந்து 35 டிகிரி வாக்கில் சாய்ந்து எடுத்தால் பலன் அதிகம்.

பித்தளைக் குத்துவிளக்கில் இது எடுபடாது, உலோகத்தின் பளபளப்பு வேறு ரகம். கண்ணாடியை ஒரு சுற்று சுற்றிவிட்டு கமெண்டில் என்னைத் திட்டாதீர்கள். அதற்கும் வேட்டியைக் கட்டுங்கள், ஜன்னலில்!