முகந்தெரியாதவர் சொல்லும் நோயின் பெயர்

வணக்கம் நேயர்களே.

அரசு மருத்துவமனையின் மனநல வெளிநோயாளர் பிரிவில் நோயாளிகள் பேச்சைத் தொடங்கும் விதம் சில ஆண்டுகளாக மாறிவிட்டது. முன்பெல்லாம் "தூக்கமே வரலை டாக்டர்", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது, குறிப்பாகக் கல்லூரி வயதுப் பிள்ளைகள், "எனக்கு பைபோலார் இருக்கு", "எனக்கு ஏடிஹெச்டி" என்று நோயின் பெயரோடு உள்ளே வருகிறார்கள். பைபோலார் என்றால் மனம் சில காலம் மிகையான எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் இருமுனைக் கோளாறு. ஏடிஹெச்டி என்றால் கவனம் நிலைக்காமல் பரபரப்பாக இருக்கும் கோளாறு. யாரம்மா சொன்னது என்று கேட்டால் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் இணையத்தில் யாரோ ஒருவர் எழுதிய பதில் இருக்கும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, என்ன படித்தவர் என்றும் தெரியாது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உறக்கமில்லாமல் புரளும்போது யாரிடம் சொல்வார்கள்? அம்மாவிடம் சொன்னால் அவர் பயந்துபோவார். அப்பாவிடம் சொன்னால் "சும்மா உக்காந்திருந்தா இப்படித்தான்" என்பார். விடுதி அறைத்தோழியிடம் சொன்னால் வகுப்பு முழுக்கப் பரவிவிடுமோ என்ற பயம். முகம் தெரியாதவரிடம் சொல்வதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்று அதில் தெரிந்தது. இத்தனை பேர் டாக்டரிடம் வராத நாட்டில், அவர்கள் வேறு எங்காவது கேட்கத்தான் செய்வார்கள்.

அந்தப் பதில்களை நம்பலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தான் பட்டதைச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். உங்களுக்கு என்ன என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், அதை நம்ப வேண்டாம்.

இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். இணையத்தில் நாலே வரி எழுதியிருந்தார். காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, படித்தது மனசில் நிற்கவில்லை. அவ்வளவுதான். ஒருவர் "இது பைபோலார்" என்று பதில் போட்டிருந்தார். இன்னொருவர் "எல்லாரும் கவனிக்கணும்னு நாடகம்" என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் ஒரு மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லி, "எனக்கு இதுல சரியாயிடுச்சு" என்றிருந்தார்.

நான் அந்தப் பெண்ணிடம் வேறு கேள்விகள் கேட்டேன். சாப்பாடு எப்படி? முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் எடை ஏறுகிறது என்றார். மின்விசிறி போட்டால்? எல்லாரும் வியர்க்கிறது என்னும்போது எனக்கு மட்டும் குளிர்கிறது. முடி? கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிலக்கு? அதிகம் போகிறது, அதிக நாள் போகிறது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியிருந்தது தைராய்டு மாத்திரை. இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று அந்த மூவருக்கும் தோன்ற வழியில்லை. அவர்கள் கையில் இருந்தது நாலு வரி.

அதே நாலு வரியை வேறொரு இளைஞர் எழுதியிருக்கலாம். அவருடைய அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால்தான் தெரியவரும்: போன வருஷம் ஒரு பத்து நாள் ராத்திரியில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை, ஆனால் களைப்பே இல்லை, ஓயாமல் பேசினான், கடன் வாங்கிப் பொருள்களாக வாங்கிக் குவித்தான், தடுத்தால் எரிந்து விழுந்தான். அதை அந்த இளைஞர் தானாகச் சொல்லமாட்டார். அவரைக் கேட்டால் "அப்ப நான் நல்லாத்தான் இருந்தேன்" என்பார். இது இருமுனைக் கோளாறாக இருக்க வாய்ப்புண்டு. இப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அதுவே அவரை மறுபடி அந்த எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். மாத்திரைப் பெயர் சொன்ன அந்த மூன்றாமவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அதில் குணமாகியிருக்கும். அவருக்கு ஒத்துக்கொண்டது இவருக்கு ஆபத்து, அவ்வளவுதான்.

சரி, ஆனால் அந்த விவரிப்பு அப்படியே என்னைச் சொன்ன மாதிரி இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். இந்த உணர்வை 1948இலேயே ஒருவர் சோதித்துப் பார்த்தார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் "உங்களைப் பற்றிய குறிப்பு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லார் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்துத் தொகுத்தது. "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறீர்கள்" என்ற மாதிரி வாக்கியங்கள் யாருக்குத்தான் பொருந்தாது? "சாவியை எங்கே வைத்தோம் என்று மறக்கிறீர்களா, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுகிறீர்களா, அப்படியானால் உங்களுக்கு ஏடிஹெச்டி" என்று ஓடும் குறுங்காணொலிகளும் இதே வழியில்தான் நம்மைப் பிடிக்கின்றன. டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட ஏடிஹெச்டி காணொலிகள் 100ஐ எடுத்துக் கனடாவில் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். அதில் 52 காணொலிகள் தவறான புரிதலைத் தருபவை என்று மதிப்பிடப்பட்டன. டிக்டாக் நம் நாட்டில் 2020இலேயே தடையாகிவிட்டது. அந்த மாதிரிக் காணொலிகள் வேறு செயலிகளில் தமிழிலேயே வருகின்றன.

படித்த டாக்டர் எழுதினால் நம்பலாமா என்றால், நேரில் பார்க்காத டாக்டரும் இதில் வழுக்குவார். 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் நின்றபோது, 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, இவர் மனத்தளவில் அதிபராகத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் போட்டார்கள். அவர்களில் 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். ஒருவரும் அவரை உட்காரவைத்துப் பரிசோதித்துவிட்டு அப்படிச் சொல்லவில்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வு மனிதரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக்கூடாது என்று விதியே எழுதிவைத்தது. பட்டம் பெற்றவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு வேண்டியிருந்தது.

நோய்ப்பெயர் ஒட்டுவதைவிட என்னை அதிகம் கலங்கவைக்கிற பதில் ஒன்று உண்டு. "உனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரையை நிறுத்து, நடந்தா சரியாப்போகும்" என்பது. நடப்பது நல்லதுதான், நானே சொல்கிறேன். ஆனால் மனச்சோர்வுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளில், குமட்டலும் தலைவலியும் வயிற்றுப் பிரட்டலும் முதல் வாரமே வந்துவிடலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தொந்தரவு முன்னால் வருகிறது, குணம் பின்னால் வருகிறது. ஆளுக்கு மிகவும் சந்தேகம் வருவதும், இணையத்தில் தேடுவதும் அந்த முதல் வாரத்தில்தான். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் "நிறுத்து" என்கிறார், நோயாளியும் நிறுத்திவிடுகிறார். பல மாதம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரலாம். அதைப் பார்த்து "பாருங்க, அடிமையாக்கிட்டாங்க" என்று இன்னொருவர் எழுதுவார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுதிக்கொடுத்தவரிடம் வந்து சண்டைகூடப் போடுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாற்றலாம், படிப்படியாக நிறுத்தவும் வழி இருக்கிறது.

அதற்காக அந்நியர் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விடத் தவித்த இரண்டு பேர் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்று நம் ஊர்களிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே வருபவர் "நான் இப்படி இருந்தேன், இப்படி விட்டேன்" என்றுதான் பேசுவார். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவரும் அறிவுரை. அதேபோல் மனச்சிதைவு வந்த மகனை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய், அவனைக் குளிக்கவைக்க எந்த நேரம் தோது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எந்த அறையில் நிற்க வேண்டும் என்று இன்னொரு தாய்க்குச் சொல்வது, நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத அறிவு. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயும் அந்தச் சான்றிதழுக்கு உரியது என்பதைப் பல குடும்பங்கள் இப்படித்தான் தெரிந்துகொள்கின்றன. தனியாக இல்லை என்ற தெம்பும் அங்கே கிடைக்கிறது. அதை நான் மருந்துச்சீட்டில் எழுதித்தர முடியாது.

கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, காணொலியில் பார்க்கும் டாக்டரும் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும், அந்தப் பதிவு எண்ணை மருந்துச்சீட்டில் காட்டவேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 'கவுன்சிலர்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பணம் செலவழிக்க வழியில்லாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வரலாம். வெளியே வரவே கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக, கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நான் போகக்கூடாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர், வேறு யாருக்கோ பதில் எழுதும் அந்த முகந்தெரியாதவராகவும் இருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள். நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் விட்டுவிடுங்கள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் எழுதினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு, அப்பாடா ஒருவராவது கேட்டாரே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால், அவர் இருக்கும் இடத்தைக் கேட்டு, வீட்டில் ஒருவரை எழுப்பச் சொல்லுங்கள், 14416ஐக் கொடுங்கள், உடனடி ஆபத்து என்றால் 108ஐ அழையுங்கள். இன்னொருவர் அவர் பக்கத்தில் வந்து சேரும்வரை பேச்சைத் துண்டிக்காதீர்கள்.

வணக்கம்.