நடு அறையைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டிய, ஒடுங்கி நீண்ட வீட்டில் இருப்பவர்கள், உள்ளே புதுப்பிக்க வேண்டும் என்றதும் "என்ன பெயின்ட் அடிக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்வேன். இந்த வீடுகளில் ஜன்னல் வைக்க முகப்பும் பின்புறமும்தான் உண்டு. பகலிலும் விளக்குப் போட வைப்பது நடு அறை. முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

ஜன்னல் வெளிச்சம் உள்ளே எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. தரையிலிருந்து ஜன்னலின் மேல் விளிம்பு இருக்கும் உயரத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு. 7 அடி என்றால் 14 முதல் 17 அடி வரை. 40 அடி நீள வீட்டில் முன்னும் பின்னும் அவ்வளவு போனாலும் நடுவே 6 முதல் 12 அடி இருட்டுதான். அதுவும் குறுக்கே சுவரோ பீரோவோ நிற்காவிட்டால்! அதனால் ஜன்னலுக்கு மேலேயும் உள் கதவுகளுக்கு மேலேயும் கண்ணாடி வென்டிலேட்டர் வையுங்கள். உயரத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் ஆழமாகப் போகும்.

மாடிப்படிக்கு மேலே கூரையில் ஒரு திறப்பு வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் அது திறந்து மூடக்கூடியதாக இருக்கட்டும். சூடான காற்று மேலேறி அதன் வழியே வெளியேறும். கீழே ஜன்னலைத் திறந்து வைத்தால் புதுக் காற்று உள்ளே வரும். திறக்க முடியாத கண்ணாடி வெயிலில் வீட்டைச் சூடாக்கிவிடும்.

அடுத்தது ஓதம். ஒட்டுச் சுவரில் உப்புப் பூத்து, கை வைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா? அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் மறுபடியும் உரிந்துதான் விழும். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. அதற்குக் காற்றோட்டம் வேண்டும். சுவருக்குள் ஈரம் என்றால் அடுத்த வீட்டுக் குழாயும் காரணமாக இருக்கலாம். அவர்களிடம் பக்குவமாகப் பேசி, இரு வீட்டாரும் சேர்ந்து பார்ப்பதே வழி. பொறியாளரைக் கேட்காமல் அந்தச் சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கவே பதிக்காதீர்கள். இரண்டு வீட்டின் பாரமும் அதன்மேல் இருக்கக்கூடும்.

சுவர் காய்ந்த பிறகு நிறம். கூரையின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை. நடு அறைச் சுவருக்கு மட்டும் தூய வெள்ளை வேண்டாம் என்பது என் கருத்து. மங்கலான வெளிச்சத்தில் அது சாம்பலாகத் தெரியும். சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ பொருந்தும்.

சாமான்களை ஒரே பக்கச் சுவரோடு ஒதுக்கி, வாசலிலிருந்து கொல்லை வரை 3 அடி நடைபாதை விடுங்கள். அலமாரி ஓரடி ஆழம் போதும். உள் கதவுகளை நகர்த்தும் கதவாக மாற்றினால், கதவு திறக்க விட்டிருந்த இடமும் மிஞ்சும். டிவியை ஒட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே புத்தக அலமாரியை வையுங்கள்.

நன்றி, வணக்கம்.